ஈரத்தால் வித்தியாசம் இல்லை

மார்ச் 4

தங்கச்சிக்கு,

அக்காதான். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும், கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று சின்ன வயதில் நீ சிரித்த அதே கையெழுத்து. பதினாலு மாதம் கழித்து எழுதுகிறாளே, கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அம்மா போய் மூன்றாம் நாள் பெட்டியோடு வாசலில் வந்து நின்று, "மெஷினை நடுவுல விட்டுட்டு வர முடியலக்கா" என்றாயே, அது இன்னும் காதிலேயே இருக்கிறது. அதனால்தான் உன் போனை எடுப்பதில்லை. எடுத்தால் கத்திவிடுவேன். கடிதத்தில் கத்த முடியாது, கை வலிக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆலையில் முகமூடிக்குக் கரித்தூள் டப்பா அடைக்கிறோம் அல்லவா, அந்தத் தூளில் கலக்கிற உப்பை மாற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் சீல் உடைத்த டப்பாவை ஒரு ஷிப்டு முடிந்ததும் குப்பையில் போட வேண்டும். காற்றில் உள்ள ஈரம் ஏறிவிட்டால் தூள் விஷவாயுவைப் பிடிக்காது. இப்போது ஒரே டப்பாவை முப்பது நாள் போடலாமாம். புது உப்புக்கு 'ஈரத்தால் வித்தியாசம் இல்லை' என்று குவாண்டம் கணினி சொல்லிவிட்டதாம். முன்னே எந்த உப்பு வந்தாலும் ஒரு மழைக்காலம் முழுக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். இந்தத் தடவை மெஷின் சொன்னதே போதும் என்றுவிட்டார்கள்.

நோட்டீஸ் போர்டில் அதை ஒட்டி, கீழே உன் ஆய்வுக்கூடத்தின் பெயரைப் போட்டிருந்தார்கள். "இது என் தங்கச்சி வேலை பாக்குற இடம்டி!" என்று கத்திவிட்டேன். லைனே திரும்பிப் பார்த்தது. எப்போதும் 'ஏய்' என்று கூப்பிடுகிற சூப்பர்வைசர் அன்றைக்கு 'அம்மா' என்றான். நீ படிக்க வேண்டும் என்று அஞ்சாவதோடு நின்று வேலைக்குப் போனவள் நான். அன்றைக்கு ஒரு நாள் அந்தக் கணக்கு நேரானது போல இருந்தது.

ஆனால் உனக்குத் தெரியும், என் பையன் ரசாயன ஆலையில் டேங்கு கழுவுகிறான். எங்கள் டப்பாதான் அவன் முகமூடியில். அங்கே எப்போதும் ஈரம். அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது, வந்தால் தெரியாது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, நோட்டீஸ் ஒட்டின நாளிலிருந்து தினமும் ஒரு புது டப்பாவைச் சாப்பாட்டுப் பையில் போட்டு அவனுக்குக் கொண்டுவருகிறேன். மாட்டினால் வேலை போகும். அவனுக்கோ சிரிப்பு. "சித்தி கண்டுபிடிச்சதையே நம்பாம நீ திருடிட்டு வர்றியாம்மா? சித்தி கேட்டா தூக்குல தொங்கிடும்" என்கிறான்.

நல்லதுதான் என்று நீ ஒரு வார்த்தை எழுது. நிறுத்திவிடுகிறேன்.

அக்கா

*

மார்ச் 11

அக்கா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டாய். திட்டியிருந்தாலும் பரவாயில்லை, எழுதினாயே.

அந்த நோட்டீஸில் இருக்கிற விடை என் கையால் வந்தது. எப்படி என்று சொல்கிறேன், நீ வேறு யாரிடமாவது கேட்டு அவர் குழப்புவதற்குள்.

எங்கள் மெஷின் ஒரு பெரிய பானைக்குள் தொங்குகிறது. உலகத்தில் எங்கேயும் இல்லாத குளிர் உள்ளே. அவ்வளவு குளிரிலும் அது தடுமாறும். ஒவ்வொரு படி கணக்குப் போடும்போதும் கொஞ்சம் தப்பு சேரும். அதை இரைச்சல் என்கிறோம். அந்தத் தப்பை உடனுக்குடன் திருத்திக்கொள்கிற மெஷின் இன்னும் யாரிடமும் இல்லை. எங்களால் தணிக்க மட்டும்தான் முடியும். அதற்கு ஒரு வழி உண்டு, கேட்டால் பைத்தியக்காரத்தனம் என்பாய். இரைச்சலை நாங்களே வேண்டுமென்று கூட்டுவோம். ஒரு மடங்கில் ஒரு விடை, இரண்டு மடங்கில் ஒன்று, மூன்று மடங்கில் ஒன்று. கூட்டக் கூட விடை கொஞ்சம் கொஞ்சமாக ஆடும். மூன்றையும் புள்ளியாக வைத்து ஒரு கோடு போட்டுப் பின்னால் இழுத்தால், இரைச்சலே இல்லாவிட்டால் விடை என்னவாக இருந்திருக்கும் என்று தெரியும். அந்தக் கோடு போடுகிறவள்தான் நான்.

உப்புக்கணக்கில் நாங்கள் கேட்டது, ஈரம் ஏறினால் பிடிமானம் எவ்வளவு மாறும் என்று. மூன்று மடங்கிலும் ஒரே விடை வந்தது, பூஜ்ஜியம். கோடு தரையில் படுத்த மாதிரி. எத்தனையோ கணக்கு போட்டிருக்கிறேன், இப்படி ஒரு அமைதியான கோட்டை நான் பார்த்ததே இல்லை. இந்தக் கேள்வியின் அமைப்பே இரைச்சலைத் தாங்குகிறது என்று எங்கள் துறைத்தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினார்.

தைரியமாக நிறுத்து. நம் பையனைக் கேட்டதாகச் சொல். அவன் குட்டிக்கு, நம் பேத்திக்கு, பல் முளைத்துவிட்டதா?

*

மார்ச் 19

தங்கச்சிக்கு,

கீழே இரண்டு பல். என் விரலைக் கடித்துச் சோதிக்கிறாள்.

நீ எழுதினதை மூன்று நாள் வைத்துப் படித்தேன். பாதி புரிந்தது. புரிந்த பாதியில் ஒரு சந்தேகம். சிரிக்காமல் கேள்.

எங்கள் லைனில் கடைசி மேசை சோதனை மேசை. முகமூடியை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். முன்னால் வாழைப்பழ வாசனை அடிக்கிற ஒரு எண்ணெயைத் திறந்து வைப்பார்கள். வாசனை வந்தால் முகமூடியில் கசிவு, வராவிட்டால் பாஸ். போன வருஷம் அந்த மேசையில் தும்மல்காரி என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருத்தி இருந்தாள். ஒரு வாரம் அவள் கைக்குப் போன முகமூடி எல்லாமே பாஸ். "கைராசிக்காரி" என்று அவளைக் கொண்டாடினோம். அப்புறம்தான் ஒருத்தி, "ஏய், உனக்குச் சளி பிடிச்சிருக்கில்ல?" என்று கேட்டாள். மூக்கே அடைத்துக் கிடந்திருக்கிறது. முகமூடி இல்லாமல் எண்ணெயை முகத்தில் ஊற்றினாலும் அவளுக்கு வாசனை தெரிந்திருக்காது. முன்னூறு முகமூடியைத் திரும்ப வாங்கினார்கள். அன்றிலிருந்து அந்த மேசையில் உட்காருகிறவள் முதலில் முகமூடி இல்லாமல் பாட்டிலை மோந்து பார்த்து, 'வருது' என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

உன் மெஷின் மூன்று தடவையும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றதே. இரைச்சலைக் கூட்டினால் விடை கொஞ்சமாவது ஆட வேண்டும் என்று நீதானே எழுதியிருக்கிறாய்? ஆடவே இல்லை என்றால் அது திடமாக நிற்கிறதா, இல்லை ஏற்கனவே விழுந்து கிடக்கிறதா? விடை தெரிந்த ஒரு கணக்கை, அதே நீளத்தில், முதலில் மோந்து பார்க்கச் சொன்னாயா?

அது வரைக்கும் சாப்பாட்டுப் பை கனமாகத்தான் இருக்கும்.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

இது மூக்கு விவகாரம் இல்லை. பன்னிரண்டு பேர் இரண்டு வருஷம் உழைத்தது. விடை தெரிந்த கணக்குகளில் எல்லாம் சோதித்துத்தான் இந்த இடத்துக்கு வந்தோம். அவை இதைவிடச் சின்னவை, உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றும் சரியாக வந்தது. பெரிய பெரிய ஆட்கள் படித்து ஒப்புக்கொண்டு கட்டுரை அச்சாகிவிட்டது.

நீ எனக்காகப் படிப்பை விட்டாய். மறக்கவில்லை. அதற்காக நான் படித்ததை எல்லாம் உன் மேசைக்குக் கொண்டுவந்து பாஸ் வாங்க வேண்டும் என்றால் முடியாது. என்மேல் நம்பிக்கை இல்லை என்றால் நேராகச் சொல்லிவிடு. நீ திருடி மாட்டினால் என் பெயரும் சேர்ந்துதான் கெடும்.

*

ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

சரி. இனி கேட்கவில்லை.

உன் கடிதத்தைப் பையனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "விடும்மா, சித்திக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? நாளையிலருந்து கம்பெனி குடுக்கிறதையே போட்டுக்கிறேன்" என்றான். அவன் அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னதில் தப்பும் இல்லை. ஊரெல்லாம் என் தங்கச்சி என் தங்கச்சி என்று பீற்றிக்கொண்டு, பைக்குள் டப்பாவை ஒளித்துக்கொண்டு கேட்டைத் தாண்டினால் என் பெருமைக்கு என்ன அர்த்தம்?

திங்கட்கிழமையோடு நிறுத்திவிட்டேன். பை இப்போது லேசாக இருக்கிறது.

அக்கா

*

ஏப்ரல் 27

அக்கா,

இதைக் கையில் கொடுக்கச் சொல்லி ஆள்மூலம் அனுப்புகிறேன். பிரித்ததும் முதலில் இந்த வரியைப் படி: பையனை டேங்குக்குள் விடாதே. விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் புது டப்பாவோடு விடு.

இரண்டு நாளாக உனக்கு எத்தனை தடவை போன் போட்டேன் என்று எண்ணவில்லை. நீ எடுக்கவில்லை. அவன் நம்பர் அணைந்திருக்கிறது. ரசாயன ஆலைக்குப் போட்டால் பாதுகாப்புப் பிரிவு என்றார்கள், அவர்கள் கொள்முதல் பிரிவு என்றார்கள், அவர்கள் கடிதமாக எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

நீ சொன்னபடி சோதித்துப் பார்த்தேன். விடை தெரிந்த ஒரு கணக்கு, உப்புக்கணக்கின் அதே நீளத்தில். வர வேண்டிய விடை பூஜ்ஜியத்திலிருந்து வெகுதூரம். மெஷின் சொன்னது பூஜ்ஜியம். மூன்று மடங்கிலும் பூஜ்ஜியம், அதே படுத்த கோடு. வேறு இரண்டு கணக்கு கொடுத்தேன். அதற்கும் அதுவே.

இருபது படி வரை அது நன்றாகத்தான் மோந்து பார்க்கிறது. உப்புக்கணக்கு இருநூறு படி. அவ்வளவு தூரம் போவதற்குள் நாம் கேட்டதன் சுவடே அழிந்துவிடுகிறது. எதைக் கேட்டாலும் பாதி ஆமாம், பாதி இல்லை. கழித்தால் பூஜ்ஜியம். அழிந்துபோனதன் மேல் எவ்வளவு இரைச்சலைக் கூட்டினால்தான் என்ன, அது இன்னும் எப்படி அழியும்? அதனால்தான் ஆடவில்லை. அதைத்தான் நான் அமைதி என்று எழுதினேன்.

திரும்பத் திரும்பக் கேட்டு அந்தச் சுவடைப் பிடிக்கலாமா என்று கணக்குப் பார்த்தேன். சில படி கூடும்போதெல்லாம் கேட்க வேண்டிய தடவை இரட்டிப்பாகிறது. இருநூறு படிக்கு, இன்று தொடங்கினால் பேத்தியின் பேத்தி காலத்திலும் முடியாது. இதில் சாமர்த்தியம் காட்ட இடமே இல்லை அக்கா. தணிப்பதற்கு ஒரு எல்லை இருக்கிறது, அதற்கு அப்பால் நான் கோடு போட்டுவிட்டேன்.

துறைத்தலைவரிடம் சொன்னேன். "அடுத்த கூட்டத்துல பேசலாம், அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாதீங்க" என்றார்.

பையனை நிறுத்து.

*

மே 6

தங்கச்சிக்கு,

உன் ஆள் முப்பதாம் தேதி வந்தான். வாசலில் செருப்புகளைப் பார்த்து, கடிதத்தைத் திண்டாடித் திண்டாடி என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

பையன் இருபத்திரண்டாம் தேதி காலையில் இறங்கினான். பதினாறு நாள் போட்ட டப்பா. பத்து நிமிஷத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம். மேலே நின்றவன், "என்னடா, அதுக்குள்ள இடைவேளையா?" என்று கேலி பண்ணியிருக்கிறான். பதில் வரவில்லை. ஆஸ்பத்திரியில் நாலு நாள். மூன்றாம் நாள் கண் திறந்தான். "தலை மட்டும் கனமா இருக்கும்மா" என்றான். இருபத்தாறாம் தேதி மதியம் போய்விட்டான். உன் போன் மணி அடித்ததெல்லாம் எனக்குக் கேட்டது. எடுக்கிற நிலையில் நான் இல்லை.

பேத்தி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து விளையாடுகிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

அழுது எழுத உட்காரவில்லை. ஒரு காரியம் இருக்கிறது. அவன் ஆலைக்காரர்கள் அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். 'அணிந்தவர் முகமூடியைச் சரியாகப் பொருத்தவில்லை' என்று ஒரு வரி. அவன் கவனமில்லாமல் செத்தான் என்று அர்த்தம். நாளைக்கு அவன் பெண் வளர்ந்து அதைத்தான் படிப்பாள். முகமூடியை அவனைப் போல யாரும் மாட்டமாட்டார்கள். நான் சொல்லிக்கொடுத்தது, என் பிள்ளை. விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார், வயசானவர், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "டப்பா மேல தப்புன்னு யாராவது எழுத்துல குடுத்தாத்தாம்மா அந்த வரியை எடுக்க முடியும்" என்றார். அந்த விடை தப்பு என்று உன் பெயர் போட்டு எழுதிக் கொடுப்பாயா, மாட்டாயா? அதை மட்டும் சொல்.

இன்னொன்று. நான் மூக்கைப் பற்றி எழுதினது மார்ச் பத்தொன்பது. நீ சோதித்துப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். என்றைக்குச் சோதித்தாய்? கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, தேதி இல்லை.

அக்கா

*

மே 14

அக்கா,

இதோடு நாலு பக்கம் வைத்திருக்கிறேன். விசாரணைக்கு. கணக்கு எப்படிப் போட்டோம், எந்த நீளத்துக்கு மேல் மெஷினின் விடைக்கு அர்த்தமே கிடையாது, சோதனைக் கணக்குகளில் என்ன வந்தது, எல்லாம். 'ஈரத்தால் வித்தியாசம் இல்லை' என்ற முடிவுக்கு எந்த ஆதாரமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். காலையில் துறைத்தலைவர் மேசையிலும் ஒரு பிரதி வைத்தேன். "உனக்கு வெளிய எவனும் வேலை தரமாட்டான், யோசிச்சியா?" என்று கேட்டார். மாலைக்குள் நான் கதவு திறக்கிற அட்டையை நிறுத்திவிட்டார்கள். என் குடை உள்ளேதான் இருக்கிறது.

தேதி கேட்டாய். உனக்கு எழுதுகிறேன்.

மார்ச் 28. உன் கடிதம் வந்த மறுநாள், சனிக்கிழமை. கூடத்தில் யாரும் இல்லை. உன்னைப் பார்த்துச் சிரிப்பதற்காகத்தான் அந்தக் கணக்கைக் கொடுத்தேன், சரியாக வரும், வந்ததும் அக்காவுக்கு எழுதிக் கிண்டல் பண்ணலாம் என்று. பூஜ்ஜியம் வந்தது. மெஷின் அன்றைக்குச் சரியில்லை, குளிர் குறைந்திருக்கும், அளவுகளை யாரும் சரிபார்த்து வைக்கவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டால் என்ன வரும் என்று தெரிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஐந்து நாள் கழித்து உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது என்று நீ யோசித்திருப்பாய். நீ கேட்டது தப்பாக இருந்திருந்தால் எனக்குக் கோபமே வந்திருக்காது.

ஏப்ரல் 25 அன்றுதான் திரும்பச் சோதித்தேன். பை லேசாக இருக்கிறது என்று நீ எழுதினது தூங்கவிடவில்லை. அப்போது அவன் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறான். எனக்குத் தெரியாது.

மன்னிப்பு கேட்டு எழுதத் தொடங்கி ஆறு காகிதம் கிழித்தேன். வரட்டுமா? உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் ஊர் எல்லையிலேயே தங்கிக்கொள்கிறேன்.

*

ஜூன் 1

தங்கச்சிக்கு,

உன் நாலு பக்கத்தை அதிகாரியிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துவிட்டு, "இது உங்க தங்கச்சி எழுதினதுதான் அம்மா, ஆனா இது கணக்கு. டப்பாவாலதான் உங்க பையன் போனான்னு இது சொல்லலையே" என்றார். நியாயம்தான். அதனால் நானும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

நோட்டீஸ் ஒட்டின நாளிலிருந்து ஏப்ரல் ஆறாம் தேதி வரை தினம் ஒரு புது டப்பா திருடி அவனுக்குக் கொடுத்தேன். அதே டேங்கு, அதே ஆள், அதே முகமூடி, அதே மாதிரி மாட்டினான், ஒன்றும் ஆகவில்லை. ஆறாம் தேதி நிறுத்தினேன். பதினாறாம் நாள் விழுந்தான். இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும் சார் என்று கேட்டேன். அவர், "ஏம்மா, இதைக் குடுத்தா உங்க வேலை போயிடும், திருட்டுக் கேசும் போடுவாங்க" என்றார். "போடட்டும் சார். அவன் சரியாத்தான் மாட்டினான்னு எழுதுங்க" என்றேன்.

அந்த வரியை எடுத்துவிட்டார். என் கண்முன்னால் கோடு கிழித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்கு வேலை போனது மறுநாள். லைனில் யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை, தும்மல்காரி மட்டும் கேட் வரைக்கும் வந்தாள். முப்பது நாள் நோட்டீஸைக் கிழித்துவிட்டார்களாம். பேசி முடித்து ஏழு நாள் என்று புதிதாக ஒட்டியிருக்கிறார்களாம். ஏழு எந்த மெஷின் சொன்னது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். மருமகளிடம் சொன்னேன். "சித்தி வரட்டும் அத்தை, அவங்க வேலையை விட்டுட்டுல்ல நமக்காக எழுதிக் குடுத்திருக்காங்க" என்கிறாள். உனக்குக் கொடுக்க அவன் போட்டோ ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.

உன் நாலு பக்கத்தையும் நான் எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தேன். நான் நிறுத்தின தேதி என் காகிதத்தில் இருக்கிறது. அதை மருமகள் படித்தாள். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் சாப்பிடக் கூப்பிட்டாள். மார்ச் 28 உன் காகிதத்தில் இல்லை. எனக்கு எழுதின கடிதத்தை நான் அவளிடம் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். அது நான் சொல்ல வேண்டியது இல்லை.

வந்தால் அவள் முகத்தைப் பார்த்து நீதான் சொல்ல வேண்டும். போட்டோவை வாங்குவதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.

சொல்வதாக இருந்தால் வா.

அக்கா